வேக்போர்ட் போட்டுக்கு ப்ராப் மாத்தணுமா? முதல்ல ஆர்பிஎம் பாருங்க

"அண்ணே, வேக்போர்டுக்கு எந்த ப்ராப் நல்லது?"ன்னு ஒரு போட்டோவோட மெசேஜ் அடிக்கடி வருது. வேக்போர்டுன்னா போட்டு இழுக்குற கயித்த பிடிச்சுக்கிட்டு பலகையில நின்னு போற விளையாட்டு, ப்ராப்னா தண்ணிய தள்ளி போட்ட ஓட்டுற ப்ரொப்பெல்லர். போட்டோவ வச்சு நான் என்னத்த சொல்றது. திருப்பி நான் கேக்குறது ஒன்னே ஒன்னுதான், ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்துற சுத்து, எவ்ளோ ஏறுது? இதுக்கு பதில் தெரியாமயே புது ப்ராப் ஆர்டர் பண்ணிட்டு, பார்சல் வந்தப்புறம் மாட்டித் தாங்கன்னு வர்றவங்க நிறைய.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் மேனுவல்ல ஃபுல் த்ராட்டில்ல இத்தனை ஆர்பிஎம்லருந்து இத்தனை வரைக்கும்னு ஒரு ரேஞ்ச் போட்டிருப்பான், ஒவ்வொரு இன்ஜினுக்கும் அது வேற வேற, பக்கத்து போட்டுக்காரர் சொன்னத எடுத்துக்காதீங்க. பாலஸ்ட் டேங்க், அதாவது அலை பெருசா வர்றதுக்காக வெயிட்டுக்கு தண்ணி ரொப்புற டேங்க், எல்லாம் காலி பண்ணிட்டு, வழக்கமா ஏறுற ஆளுங்க, வழக்கமா போடுற பெட்ரோலோட, தண்ணி அமைதியா இருக்குறப்ப, வேகமா போக அனுமதி இருக்குற இடத்துல நேரா ஒரு ஓட்டு ஓட்டி நம்பர எழுதி வச்சுக்கங்க. ரேஞ்சோட மேல் பக்கத்துல வந்து நின்னா நல்லது. கீழயே நின்னுடுச்சுன்னா ப்ராப் இன்ஜினுக்கு கனமா இருக்கு, லிமிட்டர்ல, அதாவது இன்ஜின் அதுக்கு மேல சுத்தாம தடுக்குற வரம்புல, போய் இடிச்சா லேசா இருக்கு. பாலஸ்ட் ரொப்பிட்டு மட்டும் இந்த டெஸ்ட் பண்ணாதீங்க, அந்த வெயிட்டோட ஃபுல் ஸ்பீடுல போட்டு திரும்புற விதமே வேற.

ப்ராப்ல ரெண்டு நம்பர் அடிச்சிருக்கும். முதல் நம்பர் டயாமீட்டர், ரெண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு தியரி படி எத்தனை இன்ச் முன்னால போகணும்ங்கிறது. தியரின்னு ஏன் சொல்றேன்னா தண்ணி கெட்டிப் பொருள் இல்ல, வழுக்கும். கணக்கு போட்டு பாருங்க, இன்ஜின் 3200ல ஓடுது, கியர்பாக்ஸ் 1.5க்கு 1, அப்ப ப்ராப் மாட்டியிருக்குற ஷாஃப்ட் ஏறக்குறைய 2130 சுத்து, பிட்ச் 15 இன்ச்சுன்னா மணிக்கு கிட்டத்தட்ட 49 கிலோமீட்டர் போயிருக்கணும். ஜிபிஎஸ்ல 35 தான் காட்டுது. மீதி 28 சதவீதம் போல ஸ்லிப். வெயிட்ட இழுக்குற போட்டுக்கு இது சாதாரணம்தான், பயப்பட வேணாம்.

இப்ப வேக்போர்டுக்கு வருவோம். வேக்போர்டுக்கு வேகம் 32லருந்து 37 கிலோமீட்டர் போதும், போட்டு கிளப்புற அலையிலயே கயிறு இல்லாம சறுக்குற வேக்சர்ஃபுக்கு 16, 18 தான். டாப் ஸ்பீடு யாருக்கு வேணும்? ஆனா வெயிட்ட பாருங்க, பாலஸ்ட்ல 1000 லிட்டர் ரொப்புனா ஒரு டன், அதுக்கு மேல பைகள், ஸ்பீக்கர், ஐஸ் பாக்ஸ், எட்டு பேர். கம்பெனியில மாட்டி வர்ற ப்ராப் இந்த வெயிட்ட மனசுல வச்சு குடுத்ததா இருக்கணும்னு அவசியம் இல்ல, அதுவும் பழைய போட்டுல ஓனர் பின்னாடி கூடுதல் பாலஸ்ட் பை வாங்கிப் போட்டிருந்தா கண்டிப்பா இருக்காது. பிட்ச் அதிகமா இருக்குற ப்ராப்போட அந்த வெயிட்ட இழுக்குறது, லோடு ஏத்துன லாரிய அஞ்சாவது கியர்லயே மேம்பாலம் ஏத்துற மாதிரி. த்ராட்டில் முழுசா திறந்திருக்கும், ஆர்பிஎம் ஏறாது, மூக்கு வானத்த பாக்கும், ரைடர் தண்ணிக்குள்ள இழுபட்டுக்கிட்டே கிடப்பாரு. பெட்ரோல் போறது ஒரு பக்கம், இன்ஜின் உள்ள நாக்கிங், சூடு, கியர்பாக்ஸ் கிளட்ச் தேயுறது, இதெல்லாம் உடனே தெரியாது, பின்னால பில்லாத்தான் வரும்.

பிட்ச ஒரு இன்ச் குறைச்சா ஏறக்குறைய 150லருந்து 200 ஆர்பிஎம் ஏறும். அதனாலதான் முதல்ல நம்பர் கேட்டேன், 300 குறையுதுன்னா எவ்ளோ பிட்ச் இறங்கணும்னு அப்பவே தெரிஞ்சுடும். பிளேடு ஓரத்துல லேசா மடிச்சு விட்டிருப்பாங்கல்ல, கப்பிங், அது தண்ணிய நல்லா பிடிக்கும், ஆனா பிட்ச் கூட்டுன மாதிரி ஆர்பிஎம்ம கொஞ்சம் இழுத்துடும், ரெண்டு ப்ராப் ஒரே சைஸ்னு நம்பர பாத்துட்டு கப்பிங் பாக்காம வாங்காதீங்க. மூணு பிளேடா நாலு பிளேடான்னு கேட்டா, வெயிட் இழுக்குற போட்டுக்கு நான் நாலுதான் சொல்வேன், அதிர்வு கம்மி, மெதுவான வேகத்துல ஸ்பீடு ஏறி இறங்காம நிக்கும். டாப் ஸ்பீடுல கொஞ்சம் போகும், போகட்டுமே.

இன்னொரு விஷயம், நம்ம ஆளுங்க அமெரிக்கக்காரங்க வீடியோவ பாத்துட்டு அப்படியே வாங்குறாங்க. அவங்கள்ல பல பேர் மலை மேல இருக்குற ஏரியில ஓட்டுறாங்க, லேக் டாஹோ எல்லாம் கடல் மட்டத்துலருந்து 6200 அடி உயரம். ஆயிரம் அடிக்கு சுமாரா 3 சதவீதம் இன்ஜின் பவர் குறையும், அதனால அங்க பிட்ச நல்லா இறக்கித்தான் ஆகணும். நம்ம சிங்கப்பூர் பொங்கோல் கடல் மட்டத்துல இருக்கு, அதே ப்ராப்ப இங்க மாட்டுனா லிமிட்டர்ல போய் முட்டும். நம்மூரு வெக்கையில கொஞ்சம் பவர் போகும்தான், ஆனா மலை அளவுக்கு போகாது.

"போன மாசம் வரைக்கும் நல்லா இழுத்துச்சுண்ணே, இப்ப எந்திரிக்கவே மாட்டேங்குது"ன்னு யாராவது சொன்னா நான் ப்ராப் கேட்டலாக்க திறக்கவே மாட்டேன், போட்ட தண்ணியிலருந்து தூக்கச் சொல்வேன். போன மாசம் இழுத்த ப்ராப் இந்த மாசம் சைஸ் மாறிடாது. நம்ம கடல் வருஷம் முழுக்க சூடு, தண்ணியிலயே கட்டி வச்ச போட்டுல பார்னக்கிள்ங்கிற சிப்பி மாதிரி உயிரி சீக்கிரம் ஒட்டிக்கும், ப்ராப் பிளேடுல கொஞ்சம் ஒட்டுனாலே போதும் ஆர்பிஎம் கணக்கெல்லாம் பொய்யாயிடும். ட்ரை ரேக்ல, அதாவது கரையில இருக்குற அடுக்குல, ஏத்தி வைக்கிறவங்களுக்கு இந்த தொல்லை இல்ல. காலாங் பேசின்லயும் இல்ல, 2008ல மரினா அணைக்கட்டு வந்தப்புறம் அது மெல்ல நல்ல தண்ணி ஆயிடுச்சு. அடுத்தது பிளாஸ்டிக் பை, கயிறு, மிதக்குற கட்டை. ஜொகூர் நீரிணைப் பக்கம் மீன் பண்ணையெல்லாம் இருக்குறதால கயிறு மாட்டுறது சர்வசாதாரணம், நைலான் கயிறு ஷாஃப்ட்ல சுத்துனா உராஞ்சு உருகி ஒட்டிக்கும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது.

பிளேடு ஓரத்துல சின்ன நசுங்கல்தானேன்னு விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு கோவம் வர்ற இடம். ஸ்டியரிங்ல லேசா நடுக்கம் வந்தா அந்த நடுக்கம் அதோட நிக்காது, ஷாஃப்ட்ட தாங்குற ஸ்ட்ரட்டுக்குள்ள இருக்குற ரப்பர் பேரிங் தேயும், ஷாஃப்ட் சீல்ல தண்ணி சொட்டும், போட்டு அடியில சேர்ற தண்ணிய வெளியேத்துற பில்ஜ் பம்ப் அடிக்கடி ஓட ஆரம்பிக்கும். இன்ஜின் போட்டுக்குள்ளயே இருக்குற இன்போர்டுல ப்ராப் பெரும்பாலும் நிப்ரால், அதாவது நிக்கல் அலுமினிய வெண்கலம், இத நல்ல ஒர்க்ஷாப்புல திருப்பி ஷேப்புக்கு கொண்டு வரலாம், தூக்கிப் போட வேண்டியதில்ல. சுத்தியல வச்சு நீங்களே தட்டாதீங்க ப்ளீஸ். அமெரிக்க ஏரியில ஓடுன செகண்ட்ஹேண்ட் போட்டு வாங்கியிருந்தா மத்த உலோகத்துக்கு பதிலா தான் அரிபட்டுப் போற ஆனோடயும் பாத்துடுங்க, நல்ல தண்ணிக்கு போடுற மெக்னீசியம் உப்புத் தண்ணியில வேகமா கரைஞ்சுடும், அது போயிடுச்சுன்னா அடுத்து அரிக்கப் போறது மத்த உலோகங்களத்தான்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட் 1 இன்ச்சா 1 1/8 இன்ச்சா, ப்ராப்ப பிடிக்க சாவி வச்சதா இல்ல பல் வெட்டுன ஸ்ப்லைனா, சுத்துற திசை எது, இதெல்லாம் பாருங்க. பின்னால நின்னு பாக்குறப்ப, முன்னால போறதுக்கு கடிகாரம் மாதிரி சுத்துனா ரைட் ஹேண்ட், எதிர்ப்பக்கம்னா லெஃப்ட். மாத்தி வாங்கி மாட்டுனா முன்னால தள்ளுனா பின்னால போகும், மெரினாவுல எல்லாரும் சிரிப்பாங்க. டயாமீட்டர் கூட்டுறதா இருந்தா பிளேடு நுனிக்கும் போட்டோட அடிப்பக்கத்துக்கும் நடுவுல டயாமீட்டர்ல 10லருந்து 15 சதவீதமாவது இடைவெளி வேணும், இல்லன்னா தரையில கடகடன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.

இன்போர்டுல ப்ராப் போட்டுக்கு அடியில இருக்கு, அதனாலதான் பின்னாடி பக்கத்துலயே நின்னு வேக்சர்ஃப் பண்ண முடியுது. இன்ஜின் பின்னால வெளியில தொங்குற அவுட்போர்டு போட்டுல, ப்ராப் பின்னால நீட்டிக்கிட்டு இருக்குற ஸ்டெர்ன் ட்ரைவ் போட்டுல சர்ஃப் பண்ணலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் கூடாது, ப்ராப் கார்டு மாட்டுனாலும் கூடாது. இன்போர்டா இருந்தாலும் ஆள் ஏணிப் பக்கம் வர்றப்ப நியூட்ரல் போதாது, இன்ஜின ஆஃப் பண்ணுங்க. கியர் கேபிள் சரியா செட் ஆகலன்னா நியூட்ரல்லயும் ஷாஃப்ட் மெதுவா சுத்துற போட்டுங்கள நான் பாத்திருக்கேன். புது ப்ராப் மாட்டுன அன்னிக்கே அதையும் செக் பண்ணச் சொல்லுங்க, மெக்கானிக்குக்கு அஞ்சு நிமிஷ வேலை.