நியோஅட்ஜுவன்ட்: யாருக்குத் துணை?

சென்னையில் புற்றுநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனைகளின் ஃபைல்களில் ‘என்.ஏ.சி.டி.’ என்ற நான்கெழுத்து அடிக்கடி கண்ணில் படும். நியோஅட்ஜுவன்ட் கீமோதெரபி என்பதன் சுருக்கம் அது. வீட்டாரிடம் டாக்டர் இவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. “முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்” என்று முடித்துவிடுவார்.

‘அட்ஜுவன்ட்’ லத்தீனில் ‘உதவு’ என்ற வினையிலிருந்து வந்தது. அறுவைதான் முதன்மை, கத்திக்குத் தப்பிய செல்களைப் பின்னால் வந்து அழிக்கும் மருந்து துணை. அந்தத் துணையை அறுவைக்கு முன்பே கொடுக்கத் தொடங்கியபோது, 1982இல் அமெரிக்க மருத்துவர் எமில் ஃப்ரை அதற்கு ‘நியோ’ என்ற கிரேக்க முன்னொட்டை வைத்தார். நியோ என்றால் ‘புது’. ‘முன்’ என்ற பொருள் அதில் இல்லவே இல்லை. அப்படியே ‘புதுத்துணை’ என்று பெயர்த்தால், ஏதோ புதிதாக வந்த மருந்து போலிருக்கிறது என்றுதான் நோயாளி நினைப்பார். என் தேர்வு ‘முன்துணை’. அட்ஜுவன்ட்டுக்குப் ‘பின்துணை’ என்றால் ஜோடி பொருந்திவிடும். கீமோவை வேதிச்சிகிச்சை என்றும் எழுதலாம், கீமோ என்றே விட்டாலும் யாருக்கும் புரியும்.

சரி, யாருக்குத் துணை? மூத்திரப்பைப் புற்றை எடுத்துக்கொள்வோம். கட்டி பையின் தசைக்குள் இறங்கிவிட்டால், சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவைக் கொடுத்துவிட்டுப் பையை அகற்றுவது வழக்கம். 317 பேரிடம் நடந்து 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அகற்றிய பையில் புற்றே மிச்சமில்லாதவர்கள் முன்துணை பெற்றோரில் 38 சதவீதம். நேரே அறுவைக்குப் போனவர்களில் 15 சதவீதம்தான்.

கீமோ என்றாலே எதிர்ப்புசக்தியை அழித்துவிடும் என்பது நம் பொதுப் பேச்சு. ரத்தத்தைப் பொறுத்தவரை அது உண்மை. “கவுண்ட் இறங்கியிருக்கு, அடுத்த கீமோவ ஒரு வாரம் தள்ளிப் போடலாம்” என்று சொல்வது வெள்ளை அணுக்களை வைத்துத்தான். கட்டிக்குள் கதை வேறு. மருந்தால் சாகும் புற்றுச் செல், தன் மேற்பரப்பில் கால்ரெட்டிகுலின் என்ற புரதத்தை நீட்டலாம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைக் கசியவிடலாம். அந்த வாடை பிடித்து, உளவு பார்க்கும் எதிர்ப்பு செல்களான டென்ட்ரைட்டிக் செல்கள் வந்து, புற்றின் துண்டுகளை எடுத்துப்போய், தாக்கி அழிக்கும் டி-செல்களிடம் காட்டும். கூடவே கொடுக்கும் ஜெம்சிட்டபின், எதிர்ப்பை அமுக்கி வைக்கும் மைலாய்டு வகைச் செல்களைக் குறைப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

இதைச் சோதிக்க மூத்திரப்பை வசதியானது. நோயைக் கண்டுபிடிக்கச் சுரண்டியெடுத்த திசு முதலில் கிடைக்கிறது. அகற்றிய பை பின்னால் கிடைக்கிறது. ஒரே ஆளின் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல். மருந்து முழுக்க வேலை செய்தவரிடம் பின்னால் பார்க்கக் கட்டியே இருக்காது. மிஞ்சுவது மருந்துக்கு மசியாத கட்டிகள். ஆகவே ‘கீமோவுக்குப் பின் கட்டியில் இன்ன செல் கூடியது’ என்ற செய்தியைப் படித்தால், யாருடைய கட்டியில் என்று கேட்டுவிட்டு மேலே போவது நல்லது.

மூத்திரப்பைக்கு எதிர்ப்பு செல்களோடு உறவு பழையது. கிண்டி ஆய்வகத்தில் காசநோய்க்காகத் தயாராகும் பி.சி.ஜி. இருக்கிறதே, தசைக்குள் இறங்காத மூத்திரப்பைப் புற்றுக்குப் பையினுள்ளேயே விடும் மருந்தும் அந்த இனக் கிருமிதான். தடுப்பூசிகளில் சேர்க்கும் அலுமினிய உப்புக்கும் அட்ஜுவன்ட் என்றுதான் பெயர். அங்கே அது நோயெதிர்ப்புக்குத் துணை. மேலே சொன்னது போல டி-செல்களை எழுப்பும்போது, கீமோ கத்திக்கு மட்டுமல்லாமல் அவற்றுக்கும் துணையாகிறது.

தசைக்குள் இறங்கிய மூத்திரப்பைப் புற்றில் நடந்து 2024இல் வெளியான ‘நயாகரா’ என்ற ஆய்வில் கீமோவோடு டுர்வாலுமாப் என்ற எதிர்ப்புத் தூண்டல் மருந்தையும் சேர்த்தார்கள். அறுவைக்குப் பின்னும் அதைத் தொடர்ந்தார்கள். இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 82.2 சதவீதம், முன்துணைக் கீமோ மட்டும் பெற்றவர்களில் 75.2. இந்த முறைக்குப் பெரிஆபரேட்டிவ் என்று பெயர். ‘அறுவைக்கு முன்னும் பின்னும்’ என்று எழுதினாலே போதும்; இதற்குத் தனியாக ஒரு சொல் கட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.