பழைய சோலாரிஸில் புது எடிட்டர் போடும் முன்

ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் சோதனைக்கூடத்தில் சன் அல்ட்ரா 10 கம்ப்யூட்டர் ஒன்று, சோலாரிஸ் 8 என்ற பழைய யூனிக்ஸ் இயங்குதளத்துடன் இன்றும் ஓடுகிறது. பம்புகளின் அழுத்தத்தை அளக்கும் பெஞ்சுக்கான மென்பொருள் அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்றினால் பெஞ்சையும் மாற்ற வேண்டும், அதன் விலைக்குப் பயந்து யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இதுபோன்ற பழைய யூனிக்ஸ் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று.

ஒரு மே மாத இரவு, கோடை மழையோடு கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் திரும்பியும் மெஷின் முழுதாக எழவில்லை. ஒன்றரை மணிக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சார், ரூட் பாஸ்வேர்டு கேட்டு நின்னுச்சு, போட்டுட்டோம். ஃபைலைத் திருத்தலாம்னா விஐ திறக்க மாட்டேங்குது." ரூட் என்பது மெஷினில் முழு அதிகாரம் கொண்ட பயனர், விஐ சோலாரிஸோடு வரும் எடிட்டர்.

இரண்டாவது ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. எட்சி டைரக்டரியில் விஎஃப்எஸ்டாப் என்ற ஃபைலில் அந்த டிஸ்க்குக்கான வரியின் தலையில் ஒரு # குறி போட்டால் போதும், மெஷின் அதை விட்டுவிட்டு எழுந்துவிடும். ஒரே ஒரு எழுத்து வேலை. அதைச் செய்ய எடிட்டர் இல்லை. விஐ என்று அடித்தால், திரையைக் கையாளும் பொதுநிரல் தொகுப்பான என்கர்சஸ் லைப்ரரியைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது.

நடந்தது இதுதான். சில மாதம் முன்பு அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் விஐயின் மேம்பட்ட வடிவமான விம் எடிட்டரின் மூல நிரலை இறக்கி, ரூட்டாகவே உட்கார்ந்து அதை ஓடும் நிரலாகக் கம்பைல் செய்து, பழைய விஐயை அழித்துவிட்டு அந்தப் பெயரில் விம்மை வைத்திருந்தார். அது யூஎஸ்ஆர் லோக்கலில் இருந்த என்கர்சஸை நம்பி நின்றது. சோலாரிஸ் தானாக அந்த இடத்தில் லைப்ரரி தேடாது. அவர் தன் லாகின் ஃபைலில் லைப்ரரிப் பாதையை எழுதி வைத்திருந்ததால் அவருக்கு மட்டும் எல்லாம் சரியாக ஓடியது. மெஷின் பாதியில் நின்று ரூட்டைக் கேட்கும் நேரத்தில் அந்த லாகின் ஃபைல் எங்கே படிக்கப்படும்?

அன்று காப்பாற்றியது 'எட்'. விஐக்கும் மூத்த, வரிவரியாக வேலை செய்யும் எடிட்டர். ஃபைல் பெயரோடு திறந்தால் எத்தனை பைட் என்று ஒரு எண் காட்டும், அவ்வளவுதான். தப்பாக எதை அடித்தாலும் ஒரு கேள்விக்குறி மட்டும் வரும். போனிலேயே சொல்லச் சொல்ல சூப்பர்வைசர் அடித்தார். சாய்கோடு போட்டு டிஸ்க்கின் பெயரைத் தேடினார், அந்த வரி வந்தது. மாற்றும் கட்டளையால் வரியின் தொடக்கத்தில் # சேர்த்தார். வரியை இன்னொரு முறை அச்சிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அப்புறம் சேமித்து வெளியே வந்தார். பத்து நிமிடத்தில் பெஞ்ச் ஓடியது.

அந்த இன்ஜினியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய விஐயோடு தினமும் மல்லுக்கட்டுவது கஷ்டம்தான். ஆனால் பாதிப் பேருக்கு உண்மையான சிக்கல் விஐயில் இல்லை. இன்றைய லேப்டாப்பிலிருந்து உள்ளே போனால் டெர்மினல் தன்னை 256 நிற எக்ஸ்டெர்ம் என்று அறிமுகம் செய்துகொள்ளும். சோலாரிஸ் 8க்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. 'இது என்ன டெர்மினல் என்று தெரியவில்லை' என்று சொல்லி, ஒரே ஒரு வரியை மட்டும் காட்டும் ஓப்பன் நிலைக்கு விஐ இறங்கிவிடும். டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் மாறியை வெறும் எக்ஸ்டெர்ம் அல்லது விடி100 என்று மாற்றிப் பாருங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும், கம்பைல் செய்யவே தேவையிருக்காது.

அதற்குப் பிறகும் விம் வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம். நானே அதே மெஷினில் மறுபடி போட்டேன். முதலில் இன்னொரு சோலாரிஸ் 8 மெஷினிலிருந்து பழைய விஐயை எடுத்து வந்து அதன் இடத்தில் வைத்தேன். புதியதற்கு ஆப்ட் டைரக்டரிக்குக் கீழே தனி இடம். ரூட்டாக இல்லாமல் சாதாரணப் பயனராகவே கம்பைல் செய்தேன். கடைசியில் இன்ஸ்டால் செய்யும் ஒரு கட்டளைக்கு மட்டும் ரூட்.

பதிப்பு விஷயத்தில் ஆசைப்படக் கூடாது. இன்றைய விம் சி மொழியின் 1999 தரமான சி99இன் சில வசதிகளை எதிர்பார்க்கிறது, அந்தக் காலத்து கம்பைலர் அதில் இடறும். 2013இல் வந்த 7.4 எனக்குப் போதுமானதாக இருந்தது. கம்பைலருக்கும் ஒரு பொறி உண்டு. யூசிபி டைரக்டரியில் சிசி என்ற பெயரில் ஒன்று இருக்கும். அது கம்பைலரே அல்ல, அந்த மென்பொருள் நிறுவப்படவில்லை என்று சொல்வதற்காக மட்டும் வைத்தது. சோலாரிஸ் 8இன் கம்பேனியன் சிடியில் உண்மையான கம்பைலரான ஜிசிசி இருக்கிறது. கம்பைல் வேலையை நடத்தும் மேக், துண்டுகளை இணைக்கும் லிங்கர் இரண்டும் யூஎஸ்ஆர் சிசிஎஸ் பின்னில் ஒளிந்திருக்கும், அதைப் பாதையில் சேர்க்க மறந்தால் பாதியில் நிற்பீர்கள். ஃபைல் கட்டைப் பிரிக்கும் அந்தக் காலத்து டார் கட்டளைக்கு ஜிஜிப் சுருக்கம் தெரியாது, தனியாக விரித்துத்தான் கொடுக்க வேண்டும். எஃப்டிபியில் அனுப்பும்போது பைனரி நிலை, இல்லையென்றால் ஃபைல் கெட்டுப்போகும்.

கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். அது மெஷினிடம் நூற்றுக்கணக்கான சின்னக் கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி சி நிரலை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கிறது. நாம் சொல்லாவிட்டால், கண்ணில் முதலில் பட்ட லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். அங்கே என்கர்சஸ் மாட்டியது அப்படித்தான். டெர்மினல் லைப்ரரி என்ற தெரிவில் சோலாரிஸின் சொந்த கர்சஸையே நான் பெயர் சொல்லிக் கொடுத்தேன். யூனிக்ஸின் ஜன்னல் அமைப்பான எக்ஸ் வேண்டாம், ஜியூஐ வேண்டாம் என்றும் சொன்னேன். எக்ஸ் சேர்ந்தால் திறக்கும்போது விம் எக்ஸ் சர்வரைத் தேடிக் காத்திருக்கலாம்.

ஏதாவது இடறினால், கான்ஃபிகர் நடத்திய சோதனைகள் பதிவாகும் கான்ஃபிக் லாக் ஃபைலைத் திறங்கள். விம்மில் அது மூல நிரலின் ஆட்டோ டைரக்டரியில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மாறிகளின் பட்டியல்தான் கிடைக்கும், அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தோற்றுப்போன நிரல் இதுதான் என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே கம்பைலர் சொன்ன காரணம் இருக்கும். ஆனால் தோல்வி எல்லாமே தவறு அல்ல. இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு 'இல்லை' என்று பதில் வாங்குவதும் அப்படித்தான் பதிவாகும்.

அந்த மெஷினில் இன்னொரு தலைவலியும் இருந்தது. மேக் கொடுக்கும்போதெல்லாம் கான்ஃபிகர் முதலிலிருந்து ஓடியது. அரை நாள் போன பிறகுதான் தேதியைப் பார்த்தேன், பல வருடம் பின்னால் இருந்தது. சன் போர்டில் கடிகாரத்தை நடத்தும் சிப்புக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துபோயிருந்தது. விரித்த ஃபைல்களின் தேதி மெஷினுக்கு எதிர்காலம். இப்போதுதான் உருவான ஃபைல் எப்போதும் பழையதாகவே தெரிய, மேக் திரும்பத் திரும்பத் தொடங்கியது. தேதியைச் சரிசெய்து, பழைய முடிவுகளை டிஸ்ட்கிளீன் போட்டுத் துடைத்தேன். அடுத்த முறை ஒழுங்காக முடிந்தது.

இன்ஸ்டால் ஆன பிறகு, ஒரு நிரல் எந்த லைப்ரரிகளை நம்பி நிற்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை விம்மின் மேல் ஓட்டிப் பார்த்தேன். வந்த ஒவ்வொரு வரியும் சோலாரிஸின் சொந்த லைப்ரரியாகவே இருந்தது. ஒரு வரியில் யூஎஸ்ஆர் லோக்கல் வந்திருந்தாலும் திரும்பக் கம்பைல் செய்திருப்பேன். பிறகு ஷிப்ட் முடிந்த நேரமாகப் பார்த்து மெஷினை ஒற்றைப் பயனர் நிலைக்கு இறக்கி, லாகின் ஃபைல் எதுவும் இல்லாமல் விஐ, விம், எட் மூன்றையும் திறந்து மூடினேன். கான்ஃபிக் லாக் ஃபைலின் மேல்பகுதியில் கான்ஃபிகருக்கு நாம் கொடுத்த கட்டளை முழு வரியாகப் பதிவாகியிருக்கும். அந்த வரியையும் 'எட்' எடிட்டரின் ஐந்து கட்டளைகளையும் அச்செடுத்து மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். பக்கத்திலேயே சூப்பர்வைசர் தன் கையெழுத்தில் விஎஃப்எஸ்டாப் ஃபைலின் முழுப் பாதையை எழுதி ஒட்டியிருக்கிறார்.