கவாத்துச் செடியும் கரண்ட் சிகிச்சையும்

நீலகிரியின் எஸ்டேட் லைன் வீடுகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்வார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட பெண்ணுக்கு வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வாரம், அதாவது 25 நாள், கரண்ட் வைத்து, கருப்பைக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் உட்கதிர்வீச்சையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கோவைக்கு மலையிறங்கிச் சென்று இந்தச் சிகிச்சை பெறுவோரின் நாள் கணக்கு, 2020 மார்ச் 24 மாலை கொரோனா ஊரடங்கால் பேருந்துகள் நின்றபோது குலைந்தது.

நாள் தவறினால் என்ன ஆகிறது என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு நாளும் கொடுக்கும் சிறு அளவுக் கதிர், உயிரணுவின் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. நல்ல உயிரணுக்கள் இரவுக்குள் பெரும்பாலும் அதைச் சரிசெய்துகொள்ள, அந்தத் திறன் குறைந்த புற்றணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. ஆனால் தப்பிய புற்றணுக்கள், கவாத்து வெட்டிய செடி வேகமாகத் துளிர்விடுவதுபோல, ஏறத்தாழ நான்காம் வாரத்துக்குப் பிறகு முன்னைவிட விரைவாகப் பெருகத் தொடங்குகின்றன. ஆகவே விட்டுப்போன நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடாது. 8 வாரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்ட அடிவயிற்றில் போட்டிருந்த மைக்கோடுகள் அழியாமலிருக்க, அந்த இடத்தில் சோப்பு படாமல் குளித்து வந்தார். ஊரடங்கில் சிகிச்சை நின்ற நாட்களில் கோடுகள் மங்கியதுதான் அவரை அதிகம் கலங்கவைத்தது. அந்தக் கலக்கம் நியாயமானது. அடையாளம் அழிந்தால் மறுபடியும் அளவெடுத்துக் குறிக்க வேண்டும்.

கீமோ, அதாவது புற்றணுக்களைக் கொல்லும் மருந்து, எடுத்தவர்களின் இக்கட்டு வேறு வகை. மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்துவிடுவதால், அப்போது வரும் காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். ஆனால் அந்த நாட்களில் காய்ச்சல் என்றாலே முதலில் கொரோனா சந்தேகம்தான்.

இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளிகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதமும் கதிர்வீச்சு 23 சதவீதமும் குறைந்தன. இவற்றுள் முதல் எண்ணே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. வராதவர்களுக்கு நோய் இல்லாமல் போய்விடவில்லை. மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் படுவதை வெளியே சொல்லத் தயங்கும் பெண்ணுக்கு, பேருந்து ஓடாதது தள்ளிப்போட இன்னொரு காரணமாகிறது.

மார்பகப் புற்றுநோயில் 15 நாள் கதிர்வீச்சை 5 நாளாகச் சுருக்கலாம் என்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு 2020 ஏப்ரலில் வெளிவந்தது மலைவாசிகளுக்குப் பெரிய ஆறுதல். கருப்பை வாய்க்கு அந்தச் சலுகை இல்லை. விட்டுப்போன நாளை ஈடுகட்ட, சனிக்கிழமையும் கரண்ட் வைக்கலாம். அல்லது குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இருமுறை வைக்கலாம். அதற்கு அந்த அக்கா தினமும் மலையேறித் திரும்ப முடியாது. துணைக்கு ஒருவருடன் கோவையிலேயே தங்கியாக வேண்டும்.