மாடுலர்: மட்டா, கட்டகமா?

அறைக்கலன் விளம்பரங்களில் மாடுலர் (modular) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி ‘மட்டு சோபா’, ‘மட்டு சமையலறை’, ‘மட்டு அலமாரி’ என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முதல் தடவை பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு சோபா வந்தது. கூட வந்த கையேட்டிலும் அதே ‘மட்டு’. அதைப் படித்த சின்னம்மா, “ஏம்ப்பா, மட்டு இருக்கைன்னா இத்தனை பேர்தான் உட்காரலாம்னு கணக்கா?” என்று கேட்டார். நாளிதழை வரி விடாமல் வாசிக்கிறவர் அவர். அவருக்குத் தப்பாகப் புரிகிற தமிழ்ச்சொல் வேறு யாருக்கும் சரியாகப் புரியப் போவதில்லை.

மாடுலர் என்பதன் பிறப்பு எளிது. லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. ‘மோடுலுஸ்’ என்றால் சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், டோரிக் என்ற பழங்கிரேக்கப் பாணிக் கோயிலுக்கு இலக்கணம் சொல்லும்போது தூணின் பருமனில் பாதியை ஒரு மோடுலுஸ் என்று வைத்து, மற்ற உறுப்புகளை அதன் மடங்குகளாகச் சொன்னார். பிற்காலத்தில் அளவு என்ற பொருள் பின்னுக்குப் போய், அளவுக்குச் செய்த துண்டு என்ற பொருள் முன்னுக்கு வந்தது. அறைக்கலனில் மாடுலர் என்றால் இன்றைக்கு இதுதான்: தனித்தனியாக நிற்கக்கூடிய, அளவு ஒத்துப்போகிற துண்டுகள், சேர்க்கலாம், பிரிக்கலாம், இடம் மாற்றி அடுக்கலாம்.

‘மட்டு’ என்ற சொல்லுக்காக வாதாடுகிறவர்கள் இந்த லத்தீன் வேரைத்தான் காட்டுகிறார்கள். மோடுஸ் என்றாலும் அளவு, மட்டு என்றாலும் அளவு, ஆகவே பொருத்தம் கச்சிதம் என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் அது சரி. அகராதிக்கு வெளியே தமிழ் பேசுகிறவர் வாயில் மட்டு எப்படிப் புழங்குகிறது என்று பார்க்க வேண்டாமா? காய்ச்சல் மட்டுப்பட்டது என்கிறோம். செலவை மட்டுப்படுத்து என்கிறோம். ‘பையன் கணக்கில் கொஞ்சம் மட்டு’ என்றால் திறமை குறைவு. மட்டற்ற மகிழ்ச்சி என்றால் எல்லை இல்லாத மகிழ்ச்சி. எங்கே வந்தாலும் இந்தச் சொல் எல்லை கட்டுகிறது, இல்லாவிட்டால் குறைத்துச் சொல்கிறது. மாடுலர் சோபாவின் பெருமையோ எல்லை இல்லாமல் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது. விரிகிற பொருளுக்குச் சுருங்குகிற பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தச்சரிடமும் கொத்தனாரிடமும் மட்டம் என்ற சொல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார், மூலைமட்டம் பிடிக்கிறார், மட்டப்பலகையால் தேய்க்கிறார். ‘மட்டு அலமாரி’ என்று அவரிடம் சொன்னால் மட்டம் பார்த்து வைத்த அலமாரி என்று எடுத்துக்கொள்வார். வாங்க வந்தவரோ மட்டமான அலமாரி என்று எடுத்துக்கொள்வார். இணையக் குழுக்களில் மாடரேட்டரை மட்டுறுத்துநர் என்று எழுதுகிறோம். அங்கே மட்டு அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அவர் வேலை அளவோடு நிறுத்துவது. அதே சொல்லைத் தூக்கிவந்து சோபாவின் தலையில் வைத்தால் இரண்டு இடமும் கெடும். பழந்தமிழில் மட்டுக்குத் தேன், கள் என்ற பொருளும் உண்டு. மட்டுவார்குழலி என்ற அம்மன் பெயரில் இன்னும் அந்தத் தேன் ஒட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘மட்டு சமையலறை’யைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

இலக்கணப்படி பார்த்தாலும் ‘மட்டு சமையலறை’ பிழை. பட்டுச் சேலை என்பதுபோல் மட்டுச் சமையலறை என்று ஒற்று மிக வேண்டும். இத்தனை விளம்பரங்களில் ஒன்றில்கூட அந்த ‘ச்’ என் கண்ணில் படவில்லை. எழுதியவர் அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாற்றாகச் சொல்லப்படுபவற்றில் ‘கூறு’ முழுமையின் ஒரு பகுதி. பிரித்து எடுத்தால் தனியே நிற்காது. மாடுல், அதாவது மாடுலரின் ஒரு துண்டு, தனியே நிற்கும். ‘தொகுதி’ பல சேர்ந்தது, ஆகவே நேர் எதிர். ‘அலகு’ பரவாயில்லை; ஆனால் நீளத்தின் அலகு மீட்டர் என்று பள்ளியிலேயே பதிந்துவிட்ட சொல், அளக்கும் வேலையைவிட்டு நகர மறுக்கிறது. நான் நிற்பது ‘கட்டகம்’ பக்கம். ஆசிரியர் பயிற்சியில் பயிற்சிக் கட்டகம் என்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தனியே படிக்கலாம், அடுத்ததோடு சேர்த்தும் படிக்கலாம். அறைக்கலனுக்கு வேண்டியதும் அதே பொருள்தான். ‘கட்டு’ என்றால் பிணைத்துவிடுவதுதானே, பிரிக்க முடியாதே என்று ஒரு நண்பர் தடை சொன்னார். கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது என்றும் தமிழில்தான் சொல்கிறோம். ஒவ்வொரு கட்டும் தனி.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்க்க வேண்டும். மாடுலர் சமையலறையின் கீழ்ப்பெட்டி ஒன்றைத் திறந்து உள்பக்கப் பலகையைப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் தள்ளி, மேலிருந்து கீழாக வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் விட்டம். ஒரு துளையின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 32 மில்லிமீட்டர். கீல், இழுப்பறைத் தண்டவாளம், தட்டு தாங்கும் முளை எல்லாம் அந்த வரிசையில் உட்கார்ந்துவிடும். இன்றைக்குத் தட்டு இருக்கும் இடத்தில் நாளைக்கு இழுப்பறை வரலாம். புதுத் துளை போட வேண்டியதில்லை. அந்தப் பெட்டிதான் கட்டகம். அளவெடுத்துச் சுவரோடு அறைந்து, பெயர்த்தால் உடைந்துபோகிற அலமாரியையும் மாடுலர் என்றே விற்கிறார்கள். அது மாடுலரும் இல்லை, மட்டுவும் இல்லை. சுவரலமாரி என்ற நல்ல பெயர் அதற்கு இருக்கிறது. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறையைப் பலர் மாடுலரின் தாய் என்று எழுதுகிறார்கள். ஏறத்தாழ 10,000 வீடுகளில் ஒரே வகையாகப் பொருத்தியது அது. ஒரேபடி செய்வது வேறு, மாற்றி அடுக்க விடுவது வேறு. ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960இல் வடிவமைத்த ‘606’ என்ற சுவரடுக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்வேன்: சுவரில் தண்டவாளம், அதில் முளையால் மாட்டும் தட்டுகள், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

இப்போது மாடுலர் சோபாக்கள் மறுபடி பரவுகின்றன. இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி 1970இல் வடிவமைத்த கமலியோண்டா என்ற சோபா 2020இல் திரும்பவும் தயாரிப்புக்கு வந்தது. இருக்கை, சாய்மானம், கைப்பிடி எல்லாம் தனித்தனி. கம்பி, கொக்கி, வளையம் கொண்டு கோத்துக்கொள்ளலாம். அதன் பெயரைக் கவனியுங்கள். பச்சோந்தியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லையும் அலையைக் குறிக்கும் சொல்லையும் கோத்த பெயர் அது. வடிவம் மாறுகிறது, நீண்டுகொண்டே போகிறது என்ற இரண்டையும் பெயரே சொல்லிவிடுகிறது. பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் மொழிபெயர்ப்புகளில் அந்தப் பார்வைதான் இல்லை. அறையில் ஒரு சுவருக்கு மட்டும் எடுப்பான வண்ணம் பூசுவதை ‘உச்சரிப்பு சுவர்’ என்று எழுதுகிறார்கள். ஆக்சென்ட் என்ற சொல்லுக்கு உச்சரிப்பு என்று ஒரு பொருள் இருப்பதால் சுவர் பேசத் தொடங்கிவிட்டது. எடுப்புச்சுவர் என்று எழுத எத்தனை நொடி ஆகும்? காபி மேசை ‘காபி அட்டவணை’ ஆகிறது. அடங்கிய நிறங்கள் ‘முடக்கப்பட்ட வண்ணங்கள்’ ஆகின்றன. பொருட்களைக் குறைத்து, காலியிடம் விட்டு அமைத்த வீடு ‘குறைந்தபட்ச வீடு’ ஆகிறது. பொறி மொழிபெயர்த்தது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். பொறி கொடுத்ததை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும். கட்டகம் பிடிக்கவில்லை என்றால் மாடுலர் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழ்ச்சொல்லைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

அந்தக் கையேட்டில் இருந்த வரி: ‘மட்டு இருக்கை அலகுகளை இணைப்பான் மூலம் கட்டமைப்பு செய்யப்பட வேண்டும்.’ அதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் இப்படி எழுதி வைத்தேன்: ‘கட்டகங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் அடியிலுள்ள கொக்கியை அடுத்ததன் வளையத்தில் மாட்டவும்.’ சின்னம்மா அதைப் படித்துவிட்டு யாரையும் கூப்பிடாமல் தானே குனிந்து மாட்டினார்.