நாக்கு நுனியில் நின்ற நிலவு

எங்களுடையது வானியல் ஆர்வலர்களின் சிறு குழு. மேகம் சூழ்ந்த இரவுகளில் தொலைநோக்கிகளை மூடிவைத்துவிட்டு, வானம் தெளியும்வரை ஒருவரை ஒருவர் பொதுஅறிவுக் கேள்விகளால் மடக்கிக்கொண்டிருப்போம். மதிப்பெண்ணும் கிடையாது, பரிசும் கிடையாது. அண்மையில் அப்படியோர் இரவில், "செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள். பெரியது ஃபோபோஸ். சிறியது எது?" என்று குழுவின் இளையவர் ஒருவர் கேட்டார். எங்களில் மூத்தவரான அக்கா உடனே கையை உயர்த்தி, "பொறு தம்பி, சொல்லிவிடாதே. எனக்குத் தெரியும்" என்றார். "1877-இல் அசாஃப் ஹால் கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் பேரச்சம் என்று பொருள். ட வரிசையில் தொடங்கும். டைட்டன்... இல்லை, அது சனியின் நிலவு. டயோனி... அதுவும் சனியுடையதுதான்." அதற்கு மேல் அவருக்கு எதுவும் வரவில்லை.

அரை மணி நேரம் கழிந்தும் மேகம் கலையாததால் கருவிகளைக் கட்டத் தொடங்கினோம். தொலைநோக்கியின் உறையில் தையல் விட்டிருந்த இடத்தை ஒருவர் தூக்கிக் காட்டி, "இதை டெய்லரிடம் கொடுத்துத் தைத்துவிட வேண்டும்" என்றார். அந்தச் சொல் முடிவதற்குள் அக்கா, "டெய்மோஸ்!" என்று கூவினார். மறுநாள் அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். கண்டுபிடித்தவர், ஆண்டு, பொருள் எல்லாம் நினைவில் இருந்தபோது பெயர் மட்டும் எங்கே போனது? தேடியபோது வராதது, தேடுவதை விட்ட பிறகு எப்படி வந்தது? இந்தக் கட்டுரை அவருக்கான விடை.

இந்த அனுபவம் எல்லோருக்கும் உரியது. "வாய் வரைக்கும் வந்துவிட்டது", "நாக்கு நுனியில் நிற்கிறது" என்று நாம் சொல்வதைப் போலவே உலகின் பல மொழிகளிலும் சொல்கிறார்கள். உளவியலாளர் பென்னெட் ஷ்வார்ட்ஸ் 51 மொழிகளைப் பற்றி விசாரித்தபோது, அவற்றில் 45 மொழிகள் இந்த நிலையைக் குறிக்க நாக்கையே உவமையாக்கியிருந்தன. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ஆம் ஆண்டிலேயே இதைக் கூர்மையாக விவரித்தார். மறந்த பெயர் மனத்தில் ஒரு வெற்றிடமாக நிற்கிறது, ஆனால் அந்த வெற்றிடத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது, தவறான பெயரை அதில் பொருத்தினால் அது ஏற்காமல் தள்ளிவிடுகிறது என்பது அவருடைய அவதானிப்பு. அக்கா டைட்டனைச் சொன்ன மறுநொடியே மறுத்ததும் இதனால்தான்.

இதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும். 1966-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்கு அரிதாகப் புழங்கும் சொற்களின் விளக்கங்களைப் படித்துக் காட்டி, அவை எந்தச் சொற்கள் என்று கேட்டார்கள். கோண அளவுகளைக் கொண்டு கடலில் திசையறிய மாலுமிகள் பயன்படுத்தும் கருவி எது என்பது அத்தகைய ஒரு விளக்கம், விடை செக்ஸ்டன்ட். சொல் நுனிநாக்கில் நிற்பதாகச் சொன்ன மாணவர்களிடம், அது எந்த எழுத்தில் தொடங்குகிறது, எத்தனை அசைகள் கொண்டது என்று கேட்டபோது, முதல் எழுத்தை 57 சதவீத முறை சரியாகச் சொன்னார்கள். அவர்களுக்குத் தோன்றிய தவறான விடைகளில் ஒரு பகுதி 'திசைகாட்டி' போலப் பொருளால் நெருங்கியவை. மற்றொரு பகுதி சீகன்ட், செக்ஸ்டெட் போல ஒலியால் நெருங்கியவை. சொல்லே வராத ஒருவருக்கு அதன் ஒலியின் ஒரு துண்டு மட்டும் கிடைக்கிறது என்றால், மூளை சொல்லை ஒற்றைப் பொருளாகக் கட்டி ஓரிடத்தில் போட்டுவைக்கவில்லை என்பது தெளிவாகிறது.

என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கும் பகுதி இதுதான். ஒரு சொல்லைப் பேசுவதற்கு மூளை குறைந்தது இரண்டு படிகளைக் கடக்கிறது. முதற்படியில், சொல்ல நினைக்கும் பொருளுக்குரிய சொல் எது என்று தேர்வாகிறது. இரண்டாம் படியில்தான் அந்தச் சொல்லின் ஒலிகள் ஒவ்வொன்றாகத் திரட்டப்படுகின்றன. முதற்படி முழுமையாக முடிந்து, இரண்டாம் படி பாதியில் நின்றுவிடுவதே நுனிநாக்கு நிலை. இப்படி இரண்டு படிகள் உண்மையிலேயே தனித்தனியாக உள்ளன என்பதற்கு இத்தாலிய மொழி ஓர் அழகிய சான்றைத் தந்தது. தமிழில் பால் பாகுபாடு பொருளைப் பின்பற்றுவது. ஒருவர் யார் என்று தெரிந்தால் 'அவன்', 'அவள்' என்பது தானாகத் தெரிந்துவிடும். இத்தாலிய மொழியிலோ உயிரற்ற பொருள்களுக்கும் பால் உண்டு; சூரியனைக் குறிக்கும் சொல் ஆண்பால், நிலவைக் குறிக்கும் சொல் பெண்பால். பொருளை எவ்வளவு ஆராய்ந்தாலும் இந்தப் பாலைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லைத் தெரிந்திருந்தால் மட்டுமே சொல்ல முடியும். 1997-இல் விலியோக்கோவும் அவருடைய சகாக்களும், சொல் நுனிநாக்கில் நிற்கும் இத்தாலியர்களிடம் அந்தச் சொல்லின் பால் என்ன என்று கேட்டார்கள். சொல்லை உச்சரிக்க முடியாதவர்கள், அதன் பாலை 84 சதவீத முறை சரியாகச் சொன்னார்கள். சொல் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அதன் ஒலி மட்டும்தான் வந்து சேரவில்லை.

நாக்குக்கே வேலையில்லாத மொழியிலும் இது நிகழ்கிறது. அமெரிக்கச் சைகை மொழியைப் பேசும் காது கேளாதோரிடம் 2005-இல் நடந்த ஆய்வில், சைகை 'விரல் நுனியில்' நிற்கும் நிலை பதிவானது. கையின் வடிவமும், அது உடலின் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதும் அவர்களுக்கு நினைவுக்கு வந்தன; கை எப்படி அசைய வேண்டும் என்பது அந்த அளவுக்கு வரவில்லை. அக்காவுக்கு 'ட' மட்டும் கிடைத்ததைப் போலத்தான் இதுவும்.

அப்படியானால் பெயர்கள் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகின்றன? ஒரே முகத்தைச் சிலருக்குக் காட்டி "இவர் தொழிலால் பேக்கர்" என்றும், வேறு சிலருக்குக் காட்டி "இவர் பெயர் பேக்கர்" என்றும் சொன்னால், தொழிலாகக் கேட்டவர்களே பின்னர் அதிகம் நினைவுகூர்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒலி ஒன்றுதான். ஆனால் ரொட்டி சுடுபவர் என்றதும் மாவு, அடுப்பு, சூடு, வாசனை எனப் பல நினைவுகள் எழுந்து, எல்லாம் சேர்ந்து அந்த ஒரே ஒலியை நோக்கித் தள்ளுகின்றன. பெயருக்கு அந்தத் துணை இல்லை. அந்த மனிதருக்கும் அவருடைய பெயரின் ஒலிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெல்லிய இழை. டெய்மோஸைப் பற்றி அக்காவுக்கு எத்தனை செய்திகள் தெரிந்திருந்தாலும், அவற்றில் ஒன்றுகூட 'டெய்' என்ற ஒலியை நேராகத் தொடவில்லை.

டெபோரா பர்க், டொனால்ட் மெக்கே முதலியோர் 1991-இல் முன்வைத்த விளக்கம் இந்த இழைகளைப் பற்றியதுதான். நெடுநாள் பயன்படாத இணைப்பு தளர்கிறது; அண்மையில் பயன்பட்ட இணைப்பு இறுகுகிறது; வயதும் இணைப்புகளைத் தளர்த்துகிறது. சரியான விடையின் வழியை டைட்டன் போன்ற தவறான பெயர் மறித்துக்கொள்கிறது என்ற கருத்து நெடுங்காலம் இருந்தது. பர்க் குழுவினரின் பார்வையில், டைட்டன் குற்றவாளி அல்ல. டெய்மோஸுக்குச் செல்லும் இழை தளர்ந்திருந்ததால், அதே வகையைச் சேர்ந்த, அதே போன்ற ஒலியில் தொடங்குகிற, நாம் அடிக்கடி சொல்லும் பெயர் முந்திக்கொண்டது.

இனி டெய்லருக்கு வருவோம். லோரி ஜேம்ஸும் பர்க்கும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், விடை வராமல் தவித்தவர்களைச் சில சொற்களை உரக்க வாசிக்கச் செய்தார்கள். அந்தச் சொற்களுக்கும் விடைக்கும் பொருளளவில் எந்தத் தொடர்பும் இல்லை. விடையின் அசைகள் மட்டும் அவற்றில் ஆங்காங்கே கலந்திருந்தன. அப்படி வாசித்தவர்களுக்கு, விடை வந்து சேரும் வாய்ப்பு கூடியது. பின்னர் வந்த ஆய்வுகள், இந்த உதவியைச் செய்வது பெரிதும் முதல் அசையே என்று காட்டின. வெளியிலிருந்து வந்த ஒலி, உள்ளே தளர்ந்து கிடந்த இழையை இறுக்க, ஏற்கெனவே காத்திருந்த பெயர் முழுதாகச் சேர்ந்துகொள்கிறது. அக்கா காதில் விழுந்த 'டெய்' அந்த வேலையைத்தான் செய்தது என்று நான் நம்புகிறேன். தேடுவதை விட்ட பிறகு விடை 'தானாக' வந்தது என்று நாம் சொல்லும் பல நேரங்களில், இப்படியொரு ஒலி நம் கவனத்துக்கு வராமலே நடுவில் புகுந்திருக்கக்கூடும்.

"வயதாகிவிட்டதோ?" என்றும் அக்கா கவலைப்பட்டார். வயது கூடக் கூட இது கூடுவது உண்மையே. ஆனால் நாட்குறிப்பு எழுதவைத்து நடத்திய ஆய்வுகளில், இளைஞர்களுக்கே ஏறத்தாழ வாரம் ஒருமுறை இது நேர்வது தெரிந்தது. ஒரு பெயர் வராமல் போவது வேறு. அந்தப் பொருள் எதற்கு என்பதே தெரியாமல் போவது வேறு. பின்னதற்குத்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்னதற்குப் பயந்து நினைவாற்றல் மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்குவோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற பொய்யைச் சொல்லித்தான் அவற்றில் பலவற்றை விற்கிறார்கள்.

மாணவர்களிடம் அரிய சொற்களைக் கேட்டு அவர்கள் தடுமாறுவதைக் குறித்துக்கொள்ளும் ஆய்வுக்கு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் சொற்கள் வராமல் தவிப்பவருக்குப் பேச்சுப் பயிற்சியாளர் முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுத்துக் காத்திருப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அந்த ஒலி ஏன் பலிக்கிறது என்பதைப் புரியவைத்தவை இத்தகைய ஆய்வுகளே. உடனடிப் பயனைக் காட்டாத கேள்விகளுக்கும் நிதி கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றை மட்டும் எங்கள் குழுவில் மாற்றிக்கொண்டோம். விடை வராதபோது நெடுநேரம் முட்டிக்கொண்டிருப்பது வீரம் என்று முன்பு நினைத்தோம். 2008-இல் வாரினரும் ஹம்ப்ரீஸும் செய்த சோதனையில், நுனிநாக்கு நிலையில் 10 நொடி நின்றவர்களைவிட 30 நொடி நின்றவர்களே, அடுத்த முறை அதே சொல்லில் மீண்டும் அதிகம் சிக்கிக்கொண்டார்கள். தவறான பாதையில் நடக்க நடக்க அதுவும் பழகிவிடுகிறது. எனவே இப்போது கேட்பவர் சில நொடிகள் பார்த்துவிட்டு, முழு விடையையும் போட்டு உடைக்காமல், முதல் அசையை மட்டும் எடுத்துக்கொடுக்கிறார். சென்ற முறை நெப்டியூனின் மிகப் பெரிய நிலவு எது என்ற கேள்விக்கு அக்கா மறுபடியும் டைட்டனில் போய் நின்றார். "ட்ரை..." என்றார் தம்பி. "ட்ரைட்டன்!" என்ற அக்கா, அது தன் கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும் நிலவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியைத் தம்பியிடமே திருப்பினார்.