டி.பி.யை வீட்டில் வைத்தே குணமாக்கலாமா? சேத்துப்பட்டில் நடந்த சோதனை

ஐசோனியாசிட் என்ற மருந்தை 1912-லேயே பிராக் நகரில் இரண்டு வேதியியலாளர்கள் தயாரித்துவிட்டார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று உலகுக்குத் தெரிந்தது 1952-ல். நடுவில் நாற்பது வருடம் யாரும் அதைச் சீந்தவில்லை. இதைக் கேட்டால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது, 1952-க்கு அப்புறம் நடந்த கதை.

மருந்து வந்துவிட்டது, சரி. நோயாளியை எங்கே வைத்துக் கொடுப்பது? அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம்தான். மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. தாம்பரத்தில் 1928-ல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதாது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டால், மருத்துவர்களுக்கு மூன்று பயம். ஓய்வும் சாப்பாடும் இல்லாமல் மருந்து மட்டும் வேலை செய்யுமா? ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா?

இதற்கு விடை தேடத்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கைகோத்தன. ஆய்வை முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறையில் விட்டார்கள். இல்லாவிட்டால் இளகிய மனசுள்ள மருத்துவர் மோசமாக இருப்பவரைச் சானடோரியத்துக்கே அனுப்புவார். கடைசியில் சானடோரியம்தான் மோசம் என்று கணக்கு காட்டும்!

இரண்டு பக்கமும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிட்டும், பி.ஏ.எஸ். என்ற இன்னொரு காசநோய் மருந்தும், ஒரு வருடம். ஏன் இரண்டு? நுரையீரலில் பெருகிக் கிடக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, ஒரு மருந்துக்கு அசையாதவையாகத் தற்செயலாகவே இருக்கும். ஒற்றை மருந்து கொடுத்தால் மற்றவை சாக, அவை மட்டும் பிழைத்துப் பெருகிவிடும். இரண்டாவது மருந்து அவற்றையும் பிடித்துவிடும்.

வீட்டில் இருப்பவர் மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று பார்க்க, ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்கள். மிச்சம் எத்தனை என்று எண்ணுவார்கள். எண்ணிக்கையை நம்ப முடியாதே, தூக்கிப் போட்டிருக்கலாம். அதனால் சிறுநீரும் வாங்குவார்கள். பி.ஏ.எஸ். உள்ளே போயிருந்தால், ஃபெர்ரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளை விட்டதும் சிறுநீர் நிறம் மாறும்.

முடிவு 1959-ல் வெளிவந்தது. ஒரு வருடக் கடைசியில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்குச் சளியில் கிருமி ஒழிந்திருந்தது; வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடையும் கூடியிருந்தார்கள். ஆனாலும் கிருமி ஒழிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தாரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலாக யாருக்கும் டி.பி. வரவில்லை என்பதும் தெரிந்தது. தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால்தான். மருந்து தொடங்கினால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும்.

1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது. மூன்றே வருடம், நல்ல வேகம்தான். ஆனால் அதே மையம் 1964-ல் இன்னொன்றையும் காட்டியது: வாரத்துக்கு இரண்டு முறை, ஊழியர் கண்முன்னாலேயே மருந்து கொடுத்தால் தினமும் வீட்டில் தானாகச் சாப்பிடுவதற்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை. கண்முன்னால் மருந்து கொடுக்கும் முறையை நாட்டின் திட்டமாகக் கொண்டுவந்தது 1997-ல். முதல் முடிவு அரசுக்குக் கட்டில் செலவை மிச்சப்படுத்தியது, இரண்டாவது ஆட்களைப் போடச் சொன்னது. வேக வித்தியாசத்துக்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

சாப்பாடு தேவையே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தினருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2023-ல் முடிவு வந்தது. குணமாக்குவது ஒன்று, வராமல் தடுப்பது வேறு.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதிலும் ஆபத்து உண்டு. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்க 2022-ல் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ வந்தது. நோய் உறுதியானதும் சுகாதார ஊழியர் உயரம், எடை பார்க்கிறார். காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 94 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று சோதிக்கிறார். எலும்பும் தோலுமாக இருப்பவர், மூச்சிரைப்பவர், நிற்க முடியாதவர் என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தேவைப்பட்டால் வார்டில் சேர்க்கிறார்கள். இந்த முதல் வடிகட்டலுக்கு எக்ஸ்ரே வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், மருத்துவர்கூட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.