ஃப்ரீ ராடிக்கல் உண்டாகாத குழந்தை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குழந்தைகள் மருத்துவராக இருக்கும் என்னிடம், மருந்துச் சீட்டை வாங்கிய பிறகும் எழுந்திருக்காத பெற்றோர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ஃப்ரீ ராடிக்கலைக் கொல்ற மாத்திரையும் ஒண்ணு சேர்த்து எழுதிக் குடுத்துருங்க டாக்டர்." செல்லைச் சிதைக்கக்கூடிய வீரியமான மூலக்கூறு என்று அவர்கள் பயப்படும் அந்த ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்க முடியாமல் போன ஒரு சிறுவனைப் பார்த்த பிறகு, இந்தக் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்குப் பிறகு இடது அக்குளில் நெறிகட்டி, அது பழுத்து, மாதக்கணக்கில் சீழ் வடிந்த குழந்தை அவன். இரண்டு வயதுக்குள் கழுத்தில் ஒரு முறையும் கல்லீரலில் ஒரு முறையும் சீழ்க்கட்டி வந்தது. வெள்ளையணுக்களின் எண்ணிக்கையில் குறை இல்லை. இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருந்தன. நெறிகட்டியிலிருந்து எடுத்த திசுவில் கிரானுலோமா, அதாவது வெள்ளையணுக்கள் திரண்டு உண்டாகும் முடிச்சு, இருப்பதாக அறிக்கை வந்ததும், நானும் காசநோய் என்றே முடிவுகட்டி மருந்தைத் தொடங்கிவிட்டேன். நம் நாட்டில் கிரானுலோமா என்றதும் காசநோய்தான் நினைவுக்கு வரும் என்பது காரணமாகலாம், சமாதானமாகாது. என்னை யோசிக்க வைத்தது அவனுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்னதுதான்: "எம் மூத்த பையனுக்கும் இப்படித்தானுங்க, ஒண்ணு ஆறுனா இன்னொண்ணு பழுக்கும். அஞ்சு வயசுல போயிட்டானுங்க."

கிருமியை விழுங்கிய வெள்ளையணு அதை எப்படிக் கொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விழுங்கிய கணத்தில் அந்த அணு ஆக்சிஜனைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சுவதை பால்ட்ரிஜ், ஜெரார்ட் என்ற இருவர் 1933-இலேயே கண்டார்கள். ஆற்றலுக்காக உறிஞ்சப்படும் ஆக்சிஜன் அல்ல அது. அணுவின் சவ்வில் இரண்டும் உள்ளே மூன்றுமாகப் பிரிந்து கிடக்கும் புரதத் துண்டுகள், கிருமி அகப்பட்டதும் ஒன்றுகூடி என்ஏடிபிஹெச் ஆக்ஸிடேஸ் என்ற நொதியாகின்றன. அந்த நொதி எலக்ட்ரான்களைச் சவ்வின் வழியே கடத்தி ஆக்சிஜன் மீது ஏற்ற, சூப்பர் ஆக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் பிறக்கிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அதிலிருந்து துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் இருக்கும் அதே ஹைப்போகுளோரஸ் அமிலம். துண்டுகளில் ஒன்று பழுதானாலும் வெள்ளையணு கிருமியை விழுங்கும், ஆனால் கொல்லாது. இதுவே நாட்பட்ட கிரானுலோமா நோய். ஏறத்தாழ 2 லட்சம் பிறப்புகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய்தான். முக்கியமான துண்டுக்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்குகிறது. மற்றத் துண்டுகளின் பழுது, அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் நம் குடும்பங்களில், பெண் குழந்தைகளுக்கும் வரும்.

டைஹைட்ரோரோடமின் என்ற சாயத்தை வைத்துச் செய்யும் சோதனைக்கு இரத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பதால், குழந்தையையும் தாயையும் நகரத்து ஆய்வகத்துக்கே அனுப்பினேன். வெள்ளையணுவைத் தூண்டும்போது அது பெராக்சைடு உண்டாக்கினால் சாயம் ஒளிர்ந்து, வரைபடத்திலுள்ள மேடு வலப்பக்கம் நகரும். பையனின் மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. தாயின் படத்தில் இரண்டு மேடுகள் இருந்தன, பாதி அணுக்கள் ஒளிர்ந்தும் பாதி ஒளிராமலும். பழுதான மரபணு அவர் வழியாக வந்திருந்தது. அடிக்கடி வாய்ப்புண் வருவதாக அவர் முன்பே சொல்லியிருந்ததை, உணவுக் குறைபாடு என்று நான் தள்ளியிருந்தேன்.

சூப்பர் ஆக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவு மீறினால் செல்லின் கொழுப்பையும் டிஎன்ஏவையும் சிதைக்கும் என்பது உண்மை. அதற்காக மாத்திரையால் அவற்றை அடக்கலாம் என்ற எண்ணம் பெரிய ஆய்வுகளில் தேறவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், ஃப்ரீ ராடிக்கலை அடக்கும் என்று நம்பப்பட்ட பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவீதம் கூடியது. நெல்லிக்காயும் கீரையும் தாராளமாகத் தின்னலாம். மாத்திரைக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

இந்த நோயுள்ள குழந்தைக்கு நம் ஊரில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. மழையில் நனைந்து பூத்த வைக்கோல், எருக்குழி, தோப்புக்குள் கொட்டி மக்க வைக்கும் தென்னை நார்க்கழிவு, இவற்றைக் கிளறும்போது எழும் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் நிறைந்திருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போவது, இவர்களுக்கு உயிரைப் பறிக்கும் நிமோனியாவாகலாம். பையனின் வீட்டில் வைக்கோற்போர் திண்ணையை ஒட்டியே இருந்தது. மறுவாரமே தோட்டத்தின் கோடிக்கு மாற்றிவிட்டார்கள். பையன் இப்போது தினமும் பாக்டீரியாவுக்கான கோட்ரைமாக்சசோலும் பூஞ்சைக்கான இட்ராகோனசோலும் சாப்பிடுகிறான். நோயைத் தீர்க்கக்கூடிய எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்காகத் தங்கையின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது அவனுடைய சித்தி, அம்மாவின் தங்கை, ஏழு மாதக் கர்ப்பம். பிறப்பது ஆணாக இருந்தால் சோதனை முடியும்வரை பிசிஜி போட வேண்டாம் என்று, பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். உயிருள்ள பாக்டீரியா கொண்ட தடுப்பூசிதான் ஆகாதே தவிர, மற்றவற்றைப் போடத் தடையில்லை என்றும் அதில் குறிப்பிட்டேன். பிறந்தது ஆண். அதே சாயச் சோதனையில் மேடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. ஆறாவது வாரம், மற்றத் தடுப்பூசிகளோடு, அந்த பிசிஜியையும் போட்டோம்.